சென்னைப் புகழ் பேச்சிஸ்ரீ

ஜனவரி 6

கடைசி செமஸ்டர் இன்று தொடங்கியது. முதல் வகுப்பே காது வகுப்பு. பாடத்திட்டத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு; நாங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஹெலன் மேடம் ஒரு பாட்டை ஓடவிடுவார். ஓடும்போதே ஏதாவது ஓர் அதிர்வெண்ணை மட்டும் தூக்கிவிடுவார். வயிற்றில் குமுறுகிற அறுபதா, மூக்கால் பேசுகிற எண்ணூறா, காதைக் கிழிக்கிற மூவாயிரமா என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இன்று ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். அந்த ஒன்றிலும் தப்பு மேடம் பேரில்தான் என்பது என் கட்சி.

இந்த வகுப்பில் ஒரே தொந்தரவு, மணி அடித்த பிறகும் காது ஓயாது. மெஸ்ஸில் மிக்ஸி ஓடினால் "நானூறு" என்கிறேன். வார்டன் அக்கா திட்டினால் திட்டு உள்ளே இறங்குவதில்லை. இரண்டாயிரத்தைக் கொஞ்சம் குறைத்தால் இவருக்கு நல்ல குரல் என்றுதான் தோன்றுகிறது. "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி. குறட்டை விட்டாக்கூட நம்பர் சொல்லுவ" என்கிறாள் என் அறைத்தோழி நிலோஃபர். அவள் ஆம்பூர்க்காரி, பாட்டுப் பிரிவு. குளிக்கும்போது அவள் பாடினால் அடுத்த குளியலறைக்காரிகள் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

எங்கள் படிப்புக்கு இளங்கலை இசைத் தொழில் என்று பெயர். முதல் வருடம் எல்லோருக்கும் எல்லாம் உண்டு: பாட்டு, ஒலிப்பதிவு, ராயல்டி சட்டம், ஒரு கலைஞருக்கு மேனேஜராக இருப்பது எப்படி என்பது வரை. இரண்டாம் வருடம் ஒரு பிரிவை எடுக்க வேண்டும். நான் நேரடி ஒலியை எடுத்தேன். கச்சேரி நடக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் மிக்ஸர் முன் நின்று சத்தத்தைச் சமைக்கிற வேலை. வீட்டில் மட்டும் நான் பாட்டுப் பிரிவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. எங்கள் ஊரில் டவர் சரியில்லை.

ஜனவரி 15

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா இங்கே ரேடியோ செட் வைத்திருக்கிறார். 'பேச்சியம்மன் ரேடியோ சர்வீஸ்.' கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், கோயில் கொடை, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் பெட்டி ஸ்பீக்கரும் டியூப்லைட்டும் அப்பாவுடையவைதான். சுடலைமுத்து என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியாது. செட்டு முத்து என்றால் பஸ் கண்டக்டரே வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்.

இன்று மத்தியானம் ஏதோ பந்தலைக் கழற்றிக்கொண்டு வந்த வயர்கள் வாசலில் குவிந்து கிடந்தன. கை சும்மா இருக்குமா? உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டேன். ஒரு சுற்று உள்பக்கம், ஒரு சுற்று வெளிப்பக்கம். அப்படிச் சுற்றினால் முறுக்கு விழாது, தூக்கி எறிந்தால் பாய் விரித்த மாதிரி ஓடும். அப்பா டீ டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு டீயைக் குடித்தார்.

"ஏட்டி, அதக் கீழ போடு. பாட்டு படிக்க பிள்ளைக்கு இது எதுக்கு?"

"சும்மாதாம்ப்பா."

"நான் முப்பது வருசமா மேடைக்குக் கீழ வயரு சுத்திட்டுக் கெடக்கேன். நீ மேல நிக்கணும். அம்புட்டுத்தான்."

அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. நானும் கீழே போட்டுவிட்டேன். மீதியை அவர் முழங்கையில் சுற்றினார். அப்படிச் சுற்றினால் வயர் வீணாகப்போகும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 16

டவர் நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 10

இன்று ஒப்பந்த வகுப்பில் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. இருவர் இருவராகப் பேரம் பேச வேண்டும். நிலோஃபர் பிரபல பாடகி, நான் இசை நிறுவனத்தின் ஆள். அவள் முதல் நிபந்தனையாக, மேடைக்குப் பின்னால் பிரியாணி வேண்டும், அதில் கத்திரிக்காய்த் தொக்கு தனியாக வேண்டும் என்றாள். அரை மணி நேரம் தொக்கைப் பற்றியே பேசினோம். கடைசியில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பார்த்தேன், பாட்டின் உரிமை முழுவதையும் அவளே வைத்துக்கொண்டுவிட்டாள். "தொக்கைக் காட்டி உன் வீட்டையே எழுதி வாங்கிட்டா பாத்தியா?" என்றார் அந்த வகுப்பின் மேடம். நிலோஃபர் பிழைத்துக்கொள்வாள்.

பிப்ரவரி 21

கல்லூரி விழா. மூவாயிரம் பேர் இருக்கும். முதல் முறையாக மெயின் மிக்ஸரை என்னிடம் கொடுத்தார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நிலோஃபர் பாடினாள். டிரம்ஸ் அவள் குரலை மிதித்துக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னேன். கீபோர்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். அவள் குரல் முன்னால் வந்து நின்றது. அந்த இடத்தில் மூவாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். ஏன் தூக்கினோம் என்று அவர்கள் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் ஒற்றை விரல். மேடையில் நின்று பாடிய முதல் வருடம் எப்போது இறங்குவோம் என்றிருக்கும். இங்கே நின்றால் எனக்குப் பசிக்கக்கூட மாட்டேன் என்கிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்போல் இருந்தது, எழுதிவிட்டேன்.

விழாவுக்கு வந்திருந்த ஓர் ஒலி நிறுவனத்துக்காரர் ஜூன் மாதம் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். ஊர் ஊராகக் கச்சேரிக் குழுவோடு போக வேண்டும். "வீட்ல பேசிட்டுச் சொல்லும்மா, நாங்க பாதி நாள் ரோட்லதான் இருப்போம்" என்றார். மே முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 22

இன்று சொல்லிவிடுவது என்று வீட்டுக்கு ஃபோன் செய்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அப்பா, "புது மிக்சரு வாங்கிருக்கேன். பெருசு. முப்பத்தொரு ஃபேடரு வச்ச ஈக்வலைசரும் சேத்து" என்றார். ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் மேலும் கீழும் நகர்த்துகிற ஒரு ஃபேடர் வைத்த பெட்டி அது. எதற்கு என்றேன். "ஒரு நல்ல பாடகி வந்தா பாட நல்ல செட்டு வேண்டாமா?" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா ஃபோனில் சிரித்தால் அதற்கு மேல் என்ன பேசுவது? சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 4

அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். எங்கள் பேச்சியம்மன் கோயில் சித்திரைக் கொடைத் திருவிழா. மே 13, மாலை ஆறரை மணிக்கு, 'சென்னைப் புகழ் பின்னணிப் பாடகி பேச்சிஸ்ரீ பங்குபெறும் மாபெரும் இன்னிசை விழா.'

யாரடா இந்தப் பேச்சிஸ்ரீ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். நான்தான். பத்தாம் வகுப்புப் புகைப்படம், இரட்டைச் சடை. பேச்சியம்மாள் என்ற என் பெயர் நோட்டீஸுக்கு எடுப்பாக இல்லை என்று விழாக் கமிட்டித் தலைவர் நயினார் மாமா ஒரு ஸ்ரீயைச் சேர்த்திருக்கிறார். நிலோஃபர் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன், பிறகு சிரிக்கவில்லை.

"ஃபோன் பண்ணி உண்மையைச் சொல்லிடுடி."

"நோட்டீஸ் அடிச்சாச்சு. ஊர் முழுக்கக் குடுத்தாச்சு. இப்பச் சொன்னா எங்க அப்பா எப்படி வெளியில தலை காட்டுவாரு?"

"மே மாசம் சொன்னா மட்டும் தலை காட்டிடுவாரா?"

பாட்டுப் பிரிவுக்காரிகளுக்கு லாஜிக் வேறு வருகிறது.

மார்ச் 5

டவர் இல்லை.

மார்ச் 19

நிலோஃபர் எனக்குப் பாட்டுப் பயிற்சி கொடுக்கிறாள். தினமும் சாயங்காலம் ஒரே ஓர் அம்மன் பாட்டு. இன்றைய தீர்ப்பு: "சுருதி இருக்கு. தாளம் இருக்கு. ஆனா ரேஷன் கடையில பேர் படிக்கிற மாதிரி பாடற." அவளே ஒரு யோசனையும் சொன்னாள், நான் மேடையில் நின்று வாயசைக்க வேண்டும், அவள் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவாளாம். எங்கள் ஊர்க் கூட்டத்தை அவளுக்குத் தெரியாது. திரையைத் தூக்கிப் பார்க்க முதலில் எழுந்து வருவது என் அம்மாவாகத்தான் இருக்கும்.

ஆனால் கூட வந்து பாட ஒப்புக்கொண்டுவிட்டாள். முதல் பாட்டு நான், மற்றதெல்லாம் அவள். கூலி, மறுநாள் கிடா விருந்து. இந்த முறை ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கைகொடுத்தேன்.

ஏப்ரல் 23

செய்முறைத் தேர்வு முடிந்தது. ஹெலன் மேடம் வேண்டுமென்றே மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகத் திருப்பிவைத்து ஊளையிட வைத்தார். எந்த எண்ணில் ஊளையிடுகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் வெட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். "உன் காது யாரோடது?" என்று கேட்டார். "எங்க அப்பாவோடது மேடம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மே 11

நிலோஃபரும் நானும் வந்து சேர்ந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸில் இரட்டைச் சடையோடு நான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நிலோஃபர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

அம்மா அவளுக்குச் சோறு போட்டுப் போட்டு உபசரித்தாள். "எம்மா, ஒங்க ஊர்ல இப்பிடித்தான் கொறிப்பியளா? இன்னொரு கரண்டி வாங்கு." பாடகிக்குத் தொண்டை கட்டிவிடும் என்று எனக்கு மோர் கிடையாது என்று சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு மோர் இல்லாத சோறுதான் தண்டனை போலிருக்கிறது.

மே 12

சொல்லிவிடுவதற்காகவே கோயிலுக்குப் போனேன். அப்பா ஏணி மேல் நின்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். இந்த வருடம் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். நயினார் மாமா கீழே நின்று, "முன்வரிசைல எம்எல்ஏ உக்காருவாரு முத்து, அவரு காதுல அடிக்காம பெட்டிய மேடைப் பக்கமாத் திருப்பிக் கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மைக்குக்கு நேராகவா என்று எனக்குப் பகீரென்றது. தகரம் வேறு. நாளைக்கு இது பேயாக ஊளையிடும்.

அப்பா இறங்கி வந்து, துணி போர்த்தி வைத்திருந்த புது ஈக்வலைசரைத் திறந்து காட்டினார். முப்பத்தொரு குட்டி ஃபேடர்களும் இரண்டு ஓரங்களில் மேலே, நடுவில் கீழே என்று வளைந்து நின்றன. கடைக்காரர், "சிரிச்ச வாய் மாதிரி வச்சிருங்க, எல்லாப் பாட்டுக்கும் ஒத்துக்கும்" என்று சொல்லி அனுப்பினாராம். அப்பா அதைத் தொடாமல் பத்திரமாக அப்படியே கொண்டுவந்திருக்கிறார். வேட்டி முனையால் தூசியைத் துடைத்துவிட்டு, "ஒனக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

புடிச்சிருக்கு என்றேன். அதோடு சரி.

மே 13

நான்கு மணி. பட்டுச் சேலை கட்டிவிட்டார்கள். பூ வேறு. நிலோஃபர் என்னைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ பயம் இருக்காதுடி" என்கிறாள். போகிறேன்.

மே 14

நேற்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஆறரைக்கு மேடையேறினேன். கொட்டகை நிறைந்து வெளியேயும் ஆட்கள். அம்மா முன்வரிசையில், பக்கத்திலிருந்தவளிடம் என்னைக் கைகாட்டிக்கொண்டிருந்தாள். எம்எல்ஏ வரவில்லை, அவர் நாற்காலியில் நயினார் மாமா. கூட்டத்துக்குப் பின்னால், தூரத்தில், மிக்ஸர் முன் அப்பா. புதுச் சட்டை போட்டிருந்தார். செட்டுப் போடுகிற நாளில் அவர் புதுச் சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை.

பாட ஆரம்பித்தேன். முதல் வரி நன்றாகவே போனது. இரண்டாவது வரியில் மெல்லியதாக ஒரு கீச்சு. மூன்றாவது வரியில் ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. கைக்குழந்தைகள் அழுதன. கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பி அப்பாவை முறைத்தது. அப்பா ஒரு குமிழைத் திருகினார். ஊளை இன்னும் ஏறியது.

ஒரு பாடகி என்றால் என்ன செய்திருப்பாள்? காதைப் பொத்தியிருப்பாள். இல்லையென்றால் கோபித்துக்கொண்டு நின்றிருப்பாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

"அப்பா! ரெண்டாயிரத்து ஐநூறு! அத முதல்ல வெட்டுங்க! எண்ணூறையும் கீழ இறக்குங்க!"

அப்பா சட்டென்று மொத்த ஒலியையும் இறக்க, ஊளை நின்று ஊர் அமைதியாகிவிட்டது. நயினார் மாமா எழுந்து, "ஏம்மா பேச்சிஸ்ரீ, என்ன கணக்கு சொல்லுத?" என்றார்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை ஈக்வலைசர் மேல் இருந்தது. எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றது. அதைப் பார்த்த பிறகு என்னால் மேலே நிற்க முடியவில்லை. மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தின் நடுவாகவே ஓடினேன்.

ஃபேடர்கள் மேல் விரலை வைத்ததும் எனக்கு மேடை மறந்துவிட்டது. அப்பா என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தான் படிக்கியா?"

"ஆமாப்பா."

"பாட்டு?"

"விட்டு ரெண்டு வருசம் ஆச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

டவர் என்று வாய்வரை வந்தது. "பயமா இருந்துச்சுப்பா. நீங்க அடிப்பியன்னு இல்ல. ஒங்க முகம் வாடிரும்னு."

அப்பா மேடையைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் விசில் அடித்தார்கள். "செட்டு முத்து, பாட்டப் போடும்வே!" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு வேலை நினைப்பு வந்துவிட்டது. தகரக் கொட்டகையில் இந்த ஊளையை வெட்ட ஒரே வழிதான் உண்டு. ஒருவர் மேடையில் மைக் முன் நின்று விடாமல் பேச வேண்டும். நான் இங்கிருந்து ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். எந்த எண்ணில் கத்துகிறதோ அதை வெட்டுவேன். மறுபடி ஏற்றுவேன். நிலோஃபர் பேசலாம், ஆனால் மெல்லிய குரல். எனக்குக் கட்டைக் குரல் வேண்டும்.

"அப்பா, மேல ஏறிப் பேசுங்க. நான் கை காட்டுற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"நானா?"

"சீக்கிரம் போங்கப்பா. கூட்டம் கலைஞ்சிரும்."

போனார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். மைக் முன் நின்று இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன்னு, ரெண்டு, மூனு."

இரண்டாயிரத்து ஐநூறு போனது. அப்பா நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே போனார். பதினைந்து தாண்டியதும் பொடிசுகள் எல்லாம் சேர்ந்து எண்ண ஆரம்பித்தன. "முத்து, ஏலம் விடுதீரா?" என்றார் நயினார் மாமா. கொட்டகையே சிரித்தது. அப்பா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன பேசட்டி?" என்று மைக்கிலேயே கேட்டார்.

"எதையாவது பேசுங்க!" என்று கத்தினேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் எண்ணூறு தெரிந்தது, வெட்டினேன்.

"முப்பது வருசமா இந்தக் கோயிலுக்கு நாந்தான் செட்டு போடுதேன். நல்லாக் கேக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. கத்துச்சுன்னா மட்டும் எல்லாரும் திரும்பிப் பாப்பிய."

சிரித்தார்கள், கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரியும் இருந்தது. நான் இன்னும் ஏற்றினேன். நானூறில் லேசாகக் குமுறியது.

"அதான், எம் மவள மேடைல ஏத்திப் பாத்துரணும்னு நெனச்சேன். ஊரு அவள நேராப் பாக்கணும்லா. அவ என்னன்னா பாட்டே படிக்கலயாம். எனக்கு இப்பந்தான் தெரியும். ஒங்களுக்கும் இப்பந்தான் தெரியும். நோட்டீசுல போட்டது தப்பு, தலைவரு மன்னிக்கணும்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். என் கண் மறைத்தது. துடைக்கவும் கை ஒழியவில்லை, இரண்டு கையும் ஃபேடரில். மெல்ல மெல்ல ஒலியை ஏற்றினேன். ஊளை எங்குமே இல்லை. தகரம் வாயடைத்துவிட்டது. அப்பாவின் கட்டைக் குரல் அந்தக் கொட்டகையில் கடைசி வரிசை வரை வந்து உட்கார்ந்தது.

அவருக்கும் அது தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு மேலே கட்டியிருந்த ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எங் கொரலா?" என்றார். "ஏ, நல்லாத்தாம்லா இருக்கு."

கொட்டகை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு யாரோ கைதட்ட ஆரம்பிக்க, எல்லோரும் தட்டினார்கள்.

"ஏட்டி, இந்தப் படிப்புக்கு வேலை கெடைக்குமா?"

"கெடச்சாச்சுப்பா! ஜூன்லேருந்து!"

"எங்க?"

"ஊரு ஊராப் போகணும்!"

"நேரத்துக்குச் சோறு போடுவாவளா?"

"போடுவாங்க!"

"அப்பம் போ" என்றார். "போ தாயி. நல்லாச் செய்யி."

மேடை ஓரத்தில் நிலோஃபர் பாட நின்றுகொண்டிருந்தாள். அப்பா நிறுத்தவில்லை. நான் பிறந்த அன்றைக்கு அவர் எந்த ஊர்க் கல்யாணத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தார், சேதி வந்ததும் எப்படி இறங்கினார், அவசரத்தில் ஏணியை மரத்திலேயே மறந்துவிட்டு வந்தது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. இருபத்தோரு வருடத்தில் எனக்கு அவர் சொல்லாத கதை.

நிலோஃபர் தூரத்திலிருந்து, முடிந்துவிட்டதா என்று கையால் கேட்டாள். எல்லாம் எப்போதோ சரியாகிவிட்டது. ஒரு ஃபேடரையும் இனித் தொட வேண்டியதில்லை.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கை காட்டினேன்.